பயிற்றுநருக்குப் பின்

வன்னிப் பெருநிலப்பரப்பின் பாடசாலைகளில் ஆண்டின் முதலாந் தவணை விளையாட்டுக்குரிய காலம். மாரி மழை ஓய்ந்து நிலம் இறுகியதும் மைதானத்திலே சுண்ணாம்புக் கோடுகள் விழும். இல்ல மெய்வல்லுநர் போட்டிக்கான ஆயத்தங்கள் தொடங்கும். கிளிநொச்சியிலாயினும் முல்லைத்தீவிலாயினும் வவுனியாவிலாயினும், பாடசாலை விட்ட பின்னர், வெயில் சற்றே தணியும் வேளையில், மைதானத்தின் ஓரத்திலே விசிலும் கையுமாக ஓர் ஆசிரியர் நிற்பதைக் காணலாம். அவர் உடற்கல்வி ஆசிரியராக இருப்பார். அன்றேல், காலையிலே கணிதமோ வரலாறோ கற்பித்துவிட்டு மாலையிலே மைதானத்துக்கு வருபவராக இருப்பார். வெற்றி கிட்டினால் மாணவரின் படம் பத்திரிகையில் வெளிவரும். படத்தின் ஓரத்திலே ஆசிரியரும் நிற்பார். சில ஆண்டுகள் சென்றபின் அவருக்கு இடமாற்றக் கடிதம் வரும். வெளிமாவட்டத்திலிருந்து வந்து கடமையாற்றுபவராயின் அது அவர் நெடுநாள் காத்திருந்த கடிதமாகவும் இருக்கும். அதிற் குறை காண்பதற்கில்லை. அவர் போகிறார். அடுத்த ஆண்டு அணி எப்படியோ களமிறங்குகிறது. அதற்கு அடுத்த ஆண்டு அணியே இல்லை. பின்னர் ஊரவர் பேச்சிலே ஒரு வசனம் நிலைத்துவிடுகிறது: “உதைபந்தாட்டமெல்லாம் அந்தச் சேர் இருந்த காலத்தோடு சரி.”

இவ்வசனம் மேலோட்டமாக நோக்குமிடத்துப் பாராட்டாகவே தோன்றும். ஒரு மனிதரின் உழைப்பு எத்துணை பெரிது என்பதற்கு அவர் போன பின்னர் ஏற்படும் வெறுமையைக் காட்டிலும் வேறு சான்று வேண்டுமா? ஆயின், சற்று ஆழ்ந்து நோக்கின், அதே வசனத்தினுள்ளே ஒரு குற்றச்சாட்டும் அடங்கியிருத்தல் புலனாகும். அக்குற்றச்சாட்டு ஆசிரியர்மீதானதன்று, அவருடைய அறிவை வாங்கி வைத்துக்கொள்ளத் தவறிய பாடசாலைமீதும் சமூகத்தின்மீதும் ஆனது. ஒரு பயிற்றுநரின் பெருமை அவர் ஈட்டிக்கொடுத்த கிண்ணங்களில் உள்ளதா, அன்றி அவர் இல்லாத காலத்திலும் தொடரும் ஆட்டத்தில் உள்ளதா? இவ்வினாவை இரு பெரும் பயிற்றுநர்களின் வாழ்க்கையைக்கொண்டு ஆராய்வது பயனுடையது. ஒருவர் தென்னிந்தியாவின் ஐதராபாத் நகரத்துப் பள்ளி ஆசிரியர். மற்றவர் அமெரிக்கப் பல்கலைக்கழகமொன்றின் பேஸ்போல் பயிற்றுநர்.

ஐதராபாத்தைச் சேர்ந்த சையத் அப்துல் ரஹீம் 1909 இல் பிறந்தவர். உஸ்மானியப் பல்கலைக்கழகத்திலே பட்டம் பெற்று, நகரத்தின் பாடசாலைகள் சிலவற்றில் ஆசிரியராகப் பணியாற்றியவர். உடற்கல்வியிலும் பயிற்சி பெற்றவர். விளையாட்டு வீரராக அவர் அடைந்த புகழ் பெரிதன்று. ஐதராபாத் உதைபந்தாட்டச் சங்கத்தின் செயலாளராகவும், 1950 தொடக்கம் ஐதராபாத் நகரப் பொலிஸ் அணியின் பயிற்றுநராகவும், அதனையொட்டி இந்தியத் தேசிய அணியின் பயிற்றுநராகவும் அவர் 1963 இல் இறக்கும்வரை கடமையாற்றினார். இந்திய உதைபந்தாட்ட வரலாற்றிலே பொற்காலம் என்று கூறப்படும் பகுதி பெரும்பாலும் இந்தப் பதின்மூன்று ஆண்டுகளேயாகும். ஐதராபாத் நகரப் பொலிஸ் அணி 1950 முதல் 1954 வரை ஐந்து ஆண்டுகள் இடையறாது பம்பாயின் றோவர்ஸ் கிண்ணத்தை வென்றது. 1951 இல் டில்லியில் நடைபெற்ற முதலாவது ஆசிய விளையாட்டு விழாவின் இறுதியாட்டத்திலே ஈரானை ஒன்றுக்குப் பூச்சியம் என வென்று இந்தியா தங்கப் பதக்கம் பெற்றது.

ரஹீமின் பயிற்சி முறை அவர் ஆசிரியராக இருந்தமையின் நேரடி விளைவு எனலாம். வகுப்பறையிலே பலவீனமான பாடத்துக்கு மேலதிக நேரம் ஒதுக்குவது ஆசிரியரின் இயல்பு. அவ்வியல்பையே அவர் மைதானத்துக்குக் கொண்டுவந்தார். வலக்கால் வீரர்கள் இடக்காலை மறந்துவிடுகின்றனர் என்று கண்டபோது, வலுக்குறைந்த காலால் மாத்திரமே பந்தை உதைக்கலாம் என்ற விதியோடு ஆட்டங்களை நடத்தினார். தனியொருவர் பந்தைக் காலிலே வைத்துக்கொண்டு வித்தை காட்டும் பழக்கம் அணியின் ஆட்டத்தைக் கெடுக்கின்றது என்று கண்டபோது, பந்தைத் தனியே கடத்திச் செல்லாது உடனுக்குடன் அடுத்தவருக்குக் கொடுத்தே ஆடவேண்டும் என்ற விதியோடு போட்டிகளை அமைத்தார். குறையைச் சொல்லிக் கடிவதைவிட, அக்குறை தானே நீங்கும்படி விளையாட்டையே மாற்றி அமைப்பது அவர் முறை. நல்லாசிரியர் எவரும் இம்முறையின் நுட்பத்தை உடனே உணர்வர். இதற்குப் பெரும் பொருட்செலவு வேண்டியதில்லை என்பதும் மனங்கொளத்தக்கது. ஒரு பந்தும் ஒரு வெறுநிலமும் ஒரு விதியும் போதும்.

மாணவரின் வீட்டு நிலையை அறிந்திருத்தலும் ஆசிரியப் பண்பேயாகும். செக்கந்தராபாத்தின் புறத்தே அம்முகூடாவில் ஓர் எளிய குடும்பத்திலே பிறந்த துளசிதாஸ் பாலராம் என்னும் இளைஞரின் ஆட்டத்தை ரஹீம் கண்டார். பயிற்சிக்கு நாள்தோறும் நெடுந்தூரம் வந்துபோக அவ்விளைஞருக்கு வசதி இல்லை. மிதிவண்டி வாடகைக்குத் தாமே பணம் கொடுத்து அவரைப் பயிற்சிக்கு வரச்செய்தார் ரஹீம். அந்த இளைஞர் 1956, 1960 ஆகிய இரு ஒலிம்பிக் விழாக்களுக்கும் சென்ற இந்திய அணிகளில் இடம்பெற்று, அந்நாட்டின் மிகச் சிறந்த முன்னணி வீரருள் ஒருவராக விளங்கினார். வன்னியிலே பேருந்து இல்லாத ஊரிலிருந்து வரும் பிள்ளையைப் பயிற்சி முடிந்ததும் தம் மோட்டார் சைக்கிளிலே வீட்டுவாசலில் இறக்கிவிடும் ஆசிரியருக்கு இச்செய்தி புதுமையாகத் தோன்றாது.

ரஹீமின் பாதை வெற்றியால் மாத்திரம் அமைந்ததன்று. 1952 இல், இலங்கை, இந்தியா, பாகிஸ்தான், பர்மா ஆகிய நான்கு நாடுகள் பங்குபற்றிய சுற்றுப்போட்டி கொழும்பிலே தொடங்கியது. இந்தியாவும் பாகிஸ்தானும் முதலாண்டுக் கிண்ணத்தைப் பகிர்ந்துகொண்டன. அதே ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக்கிலே யூகோஸ்லாவியாவிடம் இந்தியா ஒன்றுக்குப் பத்து என்ற கணக்கிலே தோற்றது. குளிர்ந்த, ஈரமான களத்திலே இந்திய வீரர் பலர் வெறுங்காலுடன் ஆடினர். வெறுங்காலால் ஆடும் திறன் அதுவரை பெருமைக்குரியதாகக் கருதப்பட்டது. அத்தோல்வியின் பின்னரே சப்பாத்து அணிந்து ஆடுதல் கட்டாயமாயிற்று. தோல்வியை விதியென்று விட்டுவிடாது பாடமாக எடுத்துக்கொண்ட அணியே நான்கு ஆண்டுகளின் பின்னர் மெல்பேணுக்குச் சென்றது. ஐரோப்பாவிலே ஹங்கேரி அணி அக்காலத்தில் நிகழ்த்திய புதுமைகளை, குறிப்பாக நடு முன்னணி வீரர் சற்றே பின்வாங்கி நின்று ஆட்டத்தை நடத்தும் முறையை, ரஹீம் ஊன்றிக் கவனித்துத் தம் அணிக்கு ஏற்றவாறு அமைத்துக்கொண்டார்.

1956 மெல்பேண் ஒலிம்பிக்கின் காலிறுதியிலே அவுஸ்திரேலியாவை அதன் சொந்த மண்ணில் இந்தியா நான்குக்கு இரண்டு என வென்றது. நெவில் டி சூசா மூன்று கோல்களை அடித்தார். ஒலிம்பிக் உதைபந்தாட்டத்திலே அரையிறுதியை எட்டிய முதலாவது ஆசிய நாடு என்ற பெருமை இந்தியாவுக்கு உரியதாயிற்று. யூகோஸ்லாவியாவிடம் அரையிறுதியிலும், பல்கேரியாவிடம் வெண்கலப் பதக்கத்துக்கான ஆட்டத்திலும் தோற்று இந்தியா நான்காம் இடத்தைப் பெற்றது. 1960 றோம் ஒலிம்பிக்கிலே பிரான்சுடன் ஒன்றுக்கு ஒன்று எனச் சமநிலை கண்டது. நாற்பத்தைந்து கோடி மக்களைக் கொண்ட நாட்டுக்கு இவை சிறிய வெற்றிகளாகத் தோன்றலாம். ஆயின், முறையான பயிற்சி நிலையமோ தொழில்முறைக் கழகமோ இல்லாத நாடொன்று, ஓர் ஆசிரியரின் அறிவை நம்பி அடைந்தவை இவை என்பதை மறத்தலாகாது.

அவருடைய வாழ்வின் உச்சம் 1962 இல் ஜகார்த்தாவில் நடைபெற்ற நான்காவது ஆசிய விளையாட்டு விழாவாகும். ரஹீமின் உடலைப் புற்றுநோய் பற்றியிருந்த காலம் அது. முதலாவது ஆட்டத்திலேயே தென்கொரியாவிடம் பூச்சியத்துக்கு இரண்டு எனத் தோல்வி. அடுத்துத் தாய்லாந்தை நான்குக்கு ஒன்று என வென்றபோது பின்னணி வீரர் ஜர்னைல் சிங்கின் தலை உடைந்து தையலிட நேர்ந்தது. யப்பானையும் வென்ற பின்னர் தென்வியட்நாமுக்கு எதிரான அரையிறுதி வந்தது. தலையிலே கட்டோடு இருந்த பின்னணி வீரரை ஒதுக்கி வைப்பதற்குப் பதிலாக, ரஹீம் அவரை நடு முன்னணி வீரராகக் களமிறக்கினார். அந்த ஆட்டத்திலே ஜர்னைல் சிங் ஒரு கோல் அடித்தார். அணித்தலைவர் சுனி கோஸ்வாமி இரண்டு கோல்களை அடித்தார். இந்தியா மூன்றுக்கு இரண்டு என வென்றது.

செப்டெம்பர் 4 ஆம் நாள் இறுதியாட்டம். எதிரணி மீண்டும் தென்கொரியா. இஸ்ரேலுக்கும் தாய்வானுக்கும் இந்தோனேசியா அனுமதி மறுத்தமையை இந்திய விளையாட்டு நிர்வாகி ஜி. டி. சோந்தி கண்டித்திருந்தமையால், நகரத்திலே இந்தியாவுக்கு எதிரான கொந்தளிப்பு நிலவியது. இந்தியத் தூதரகமும் தாக்கப்பட்டிருந்தது. அரங்கிலே பெருந்திரளான மக்கள் இந்திய அணியைக் கூச்சலிட்டு இகழ்ந்தனர். முந்திய இரவு ரஹீம் வீரர்களிடம் தமக்கொரு பரிசு வேண்டும் என்றும், அது தங்கப் பதக்கமே என்றும் கேட்டார் என அவ்வீரர்கள் பிற்காலத்தில் நினைவுகூர்ந்துள்ளனர். பதினேழாவது நிமிடத்தில் பி. கே. பானர்ஜியும், இருபதாவது நிமிடத்தில் ஜர்னைல் சிங்கும் கோல் அடித்தனர். கோல் காப்பாளராக நின்றவர் பீற்றர் தங்கராஜ். சென்னைப் படைப்பிரிவிலே சேர்ந்து முன்னணி வீரராகத் தொடங்கிப் பின்னர் கோல் காப்பாளராக மாறிய நெடிய உருவினர். எண்பத்தைந்தாவது நிமிடம்வரை கொரியர்களால் அவரைக் கடக்க முடியவில்லை. ஆட்டம் இரண்டுக்கு ஒன்று என முடிந்தது. ரஹீம் கேட்ட பரிசு கிடைத்தது.

ஒன்பது மாதங்களின் பின்னர், 1963 ஜூன் 11 ஆம் நாள், ரஹீம் காலமானார். அப்பொழுது அவருக்கு ஐம்பத்து மூன்று வயது.

அதன்பின் நிகழ்ந்தவையே ஈண்டு முதன்மையாகக் கருதத்தக்கவை. 1964 இல் ஆசியக் கிண்ணப் போட்டியிலே இரண்டாமிடம். 1970 இல் பாங்கொக் ஆசிய விளையாட்டு விழாவில் வெண்கலப் பதக்கம். எரிந்தணையும் விறகிலே சற்று நேரம் தங்கும் வெப்பம் போன்றவை இவை. 1960 இன் பின்னர் இந்திய உதைபந்தாட்ட அணி ஒலிம்பிக்குக்குத் தகுதி பெறவில்லை. 1962 இன் பின்னர் ஆசிய விளையாட்டு விழாவிலே தங்கம் வெல்லவில்லை. ஐதராபாத்தோ, ஒரு காலத்தில் தேசிய அணிக்கு வேண்டிய வீரர்களை வாரி வழங்கிய நகரம், மெல்ல மெல்லப் பின்தள்ளப்பட்டது. திறமையுள்ள இளைஞர் கல்கத்தாவின் பெருங்கழகங்களை நாடிச் சென்றனர். 2024 இல் ரஹீமின் வாழ்க்கையை வைத்து ‘மைதான்’ என்னும் இந்தித் திரைப்படம் வெளிவந்தபோது, அவர் யார் என்பதை இந்திய இளைஞரிற் பெரும்பாலோர் புதிதாக அறியவேண்டியிருந்தது.

ஒரு மனிதரின் மரணத்தால் ஒரு நாட்டின் உதைபந்தாட்டமே சரிந்தது என்று கூறுவது எளிமைப்படுத்தலாகும். யப்பானும் கொரியாவும் அக்காலத்திலே திட்டமிட்டு முன்னேறின. இந்தியா தேங்கி நின்றது. நிர்வாகக் குறைகளும் இருந்தன. ரஹீமிடம் கற்றவர்கள் அவருடைய வழியைத் தொடர முயலவில்லை என்பதும் சரியன்று. பி. கே. பானர்ஜி பிற்காலத்திலே கல்கத்தாவின் பெருங்கழகங்களைப் பயிற்றுவித்துப் புகழ்பெற்றார். ரஹீமின் மகன் எஸ். எஸ். ஹக்கீம் 1960 ஒலிம்பிக் அணியிலே இடம்பெற்று, பின்னர் பயிற்றுநராகவும் சர்வதேச நடுவராகவும் விளங்கினார். ஆகவே விதை இல்லாமற் போகவில்லை. நாற்றுமேடைதான் இல்லாமற் போயிற்று. வலுக்குறைந்த காலால் ஆடும் ஆட்டத்தை அவருக்குப் பின் ஒவ்வொரு பாடசாலையிலும் நடத்துவதற்கு ஓர் ஏற்பாடு இருக்கவில்லை. சிறு ஊர்களிலே பாலராம்களைத் தேடிச்சென்று மிதிவண்டி வாடகை கொடுப்பது ஒரு மனிதரின் இரக்கமாக இருந்ததேயன்றி, ஒரு சங்கத்தின் கடமையாக ஆக்கப்படவில்லை. தனிமனிதரின் குணம் அமைப்பின் வழக்கமாக மாறாதபோது, அக்குணம் அவருடனேயே அடக்கம் செய்யப்படுகின்றது.

இதற்கு மறுதலையான ஒரு வரலாற்றை நோக்குதல் தகும். அமெரிக்காவிலே பேஸ்போல் மக்களின் விளையாட்டு. ஓடிவந்து எறியப்படாது நின்ற நிலையில் வீசப்படும் பந்தைத் தடியால் அடித்து, நான்கு தளங்களைச் சுற்றி ஓடிவரும் ஆட்டம் அது. இலங்கையிலே சித்திரைப் புத்தாண்டுக் காலத்தில் ஆடப்படும் எல்லே விளையாட்டைக் கண்டவர்களுக்கு அதன் அடிப்படையை விளக்கவேண்டியதில்லை. அந்நாட்டின் பல்கலைக்கழகங்கள் அவ்விளையாட்டின் பெரும் பயிற்சிக் களங்கள். அவற்றுள் லொஸ் ஏஞ்சலிஸ் நகரிலுள்ள தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் அணியை 1942 முதல் 1986 வரை நாற்பத்தைந்து பருவங்கள் பயிற்றுவித்தவர் றொட் டீடோ. தொழில்முறை வீரராக 1935 இல் இரண்டே ஆட்டங்கள் ஆடியவர்; முதுகுக் காயம் அவருடைய ஆட்டவாழ்வை முடித்துவிட்டது. ரஹீமைப் போலவே அவரும் பெரும் வீரராக அன்றிப் பெரும் பயிற்றுநராகவே அறியப்படுகிறார்.

அவருடைய காலத்திலே அப்பல்கலைக்கழகம் தேசியக் கல்லூரிப் பட்டத்தைப் பதினொரு முறை வென்றது. 1970 முதல் 1974 வரை ஐந்து ஆண்டுகள் இடையறாது வென்றது. மொத்த வெற்றிகள் 1,332. ரொம் சீவர், பிறெட் லின், றண்டி ஜோன்சன் முதலிய பெயர்பெற்ற வீரர்கள் அவரிடம் பயின்றவர்கள். சரக்கு லொறிச் சேவை நிறுவனமொன்றை நடத்திப் பொருளீட்டிய அவர், பல்கலைக்கழகத்திடம் ஆண்டுக்கு ஒரு டொலரையே சம்பளமாகப் பெற்றார் என்பது விதந்து கூறப்படும் செய்தி. 1974 இல் திறக்கப்பட்ட பல்கலைக்கழக மைதானத்துக்கு அவருடைய பெயரே இடப்பட்டது. 2006 இல் தமது தொண்ணூற்றோராவது வயதிலே அவர் காலமானார்.

கிண்ணங்களின் எண்ணிக்கை வியப்பூட்டுவதுதான். ஆயினும் அவ்வரலாற்றின் உயிர் அதனிலும் சிறியதொரு செய்தியிலே உள்ளது. டீடோ அப்பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்தபோது சாம் பரி என்னும் பயிற்றுநரிடம் ஆடியவர். இரண்டாம் உலகப் போரின்போது பரி படைச்சேவைக்குச் செல்லவே, அவருடைய இடத்தை மாணவர் ஏற்றார். போர் முடிந்து ஆசிரியர் திரும்பிவந்தார். மாணவர் விலகவுமில்லை, ஆசிரியரை விலக்கவுமில்லை. 1950 இல் பரி இறக்கும்வரை இருவரும் இணைந்தே அணியைப் பயிற்றுவித்தனர். 1948 இன் முதலாவது பட்டம் அவ்விருவரும் சேர்ந்து ஈட்டியது. டீடோ ஓய்வு பெற்றபோது, அவருடைய இடத்துக்கு வந்தவர் மைக் கிலெஸ்பி. அவர் 1961 இல் பட்டம் வென்ற அணியிலே டீடோவின் மாணவராக ஆடியவர். 1998 இல் கிலெஸ்பி பயிற்றுவித்த அணி மீண்டும் பட்டத்தை வென்றது. டீடோ அதனை உயிரோடிருந்து கண்டார். பரியிடமிருந்து டீடோவுக்கும், டீடோவிடமிருந்து கிலெஸ்பிக்கும் கைமாறியது ஒரு பதவி மாத்திரமன்று. ஒரு முறை, ஒரு வழக்கம், ஓர் ஓர்மை.

இவ்வொப்பீடு முற்றிலும் நீதியானதன்று. அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் செல்வம் ஐதராபாத்துக்கு இருக்கவில்லை. ரஹீமுக்கு வாய்த்தவை பதின்மூன்று ஆண்டுகள். டீடோவுக்கு வாய்த்தவை நாற்பத்தைந்து. நோய் எவரிடமும் அனுமதி கேட்டு வருவதில்லை. ஆயினும், தனக்குப் பின் வருபவரை முன்னரே அருகில் நிறுத்தி வைத்தல் செல்வத்தால் ஆகும் காரியமன்று. பரியும் டீடோவும் ஒரே களத்தில் நின்ற அந்தச் சில ஆண்டுகளுக்குப் பல்கலைக்கழகம் தனியாகப் பொருள் எதையும் கொட்டவேண்டியிருக்கவில்லை. வேண்டியிருந்தது இருவர் ஒரே விசிலைப் பகிர்ந்துகொள்ளும் மனமும், அதற்கு இடங்கொடுக்கும் நிர்வாகமுமே.

இங்கே வன்னியின் நிலைமை தெளிவாகப் புலப்படுகின்றது. அமெரிக்கப் பல்கலைக்கழகத்திலே வீரர் நான்கு ஆண்டுகளில் வெளியேறுவர்; பயிற்றுநர் நிலைத்திருப்பார். ஆகவே முறை பயிற்றுநரிடத்திலே தங்கும். வன்னிப் பாடசாலையிலோ நிலைமை தலைகீழானது. முதலாம் வகுப்பிலே சேர்ந்த பிள்ளை பதின்மூன்றாம் வகுப்புவரை அதே பாடசாலையிலே இருக்கலாம். ஆசிரியர்தான் சில ஆண்டுகளில் வெளியேறுவார். அங்ஙனமாயின் முறை தங்கவேண்டிய இடம் எது? அது பாடசாலையிலும் மாணவரிடத்திலும் ஊரிலும் தங்கினாலன்றி வேறெங்கும் தங்க வழியில்லை.

வன்னிக்கு இதனிலும் ஆழமான காரணமொன்றும் உண்டு. 2008, 2009 ஆம் ஆண்டுகளின் இறுதிப் போரிலே கிளிநொச்சியினதும் முல்லைத்தீவினதும் மக்கள் அனைத்தையும் விட்டு மீண்டும் மீண்டும் இடம்பெயர்ந்தனர். உயிரிழப்பின் முன்னே கிண்ணங்களையும் பதிவேடுகளையும் பேசுவது பொருந்தாது என்று தோன்றலாம். ஆயினும், மீள்குடியேறிய பின்னர் ஒரு பாடசாலை தன்னை மீண்டும் பாடசாலையாக உணர்வதற்கு அவையும் வேண்டியிருந்தன. யார் எந்த ஆண்டில் எவ்வளவு தூரம் பாய்ந்தார், எந்த அணி எவரை வென்றது, எந்த ஆசிரியர் எவ்வாறு பயிற்றுவித்தார் என்பவை தாளிலே இருந்தவரை தாளோடு போயின. மனிதரின் நினைவிலே இருந்தவை அம்மனிதரோடு புலம்பெயர்ந்தன, சில மண்ணோடு போயின. ஒருவர் நினைவிலே மாத்திரம் வைக்கப்பட்ட அறிவு எத்துணை எளிதில் அழியும் என்பதை இந்நிலத்தவர்க்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. அவ்வாறிருந்தும், போர் ஓய்ந்து பல ஆண்டுகள் சென்ற பின்னரும், அறிவை ஒருவர் தலையிலே மாத்திரம் வைக்கும் பழக்கம் மாறாதிருப்பது கவலைக்குரியது. முன்னர் இழப்பு வெளியிலிருந்து வந்தது. இப்பொழுது ஓர் இடமாற்றக் கடிதமே அதே வேலையைச் செய்துவிடுகின்றது.

செய்யத்தக்கவை பெரியனவல்ல. ஒவ்வொரு அணிக்கும் ஒரு பயிற்சிக் குறிப்பேடு இருத்தல் வேண்டும். அது ஆசிரியரின் சொத்தாக அன்றிப் பாடசாலையின் சொத்தாக இருத்தல் வேண்டும். இன்று என்ன பயிற்சி, எவருக்கு எந்தக் குறை, அதனை நீக்க எந்த ஆட்டம் என்பவை அதிலே பதியப்பட்டால், புதிதாக வருபவர் வெறுநிலத்திலிருந்து தொடங்கவேண்டியதில்லை. விசில் பிடிக்கும் ஆசிரியரின் அருகே இன்னொருவர் நிற்றல் வேண்டும்: இளைய ஆசிரியராகவோ, பாடசாலையை விட்டு விலகி ஊரிலே வயல் செய்யும் பழைய மாணவராகவோ அவர் இருக்கலாம். ஆசிரியர் மாறினாலும் அந்த ஊர்க்காரர் மாறார். பரியின் அருகே டீடோ நின்றது போல அவர் நின்றால், ஆசிரியரின் இடமாற்றம் அணியின் முடிவாக இராது.

பல்கலைக்கழகத்துக்கும் இதிலே பங்குண்டு. 2021 இல் வவுனியாவுக்குத் தனிப் பல்கலைக்கழகம் கிடைத்தது. கிளிநொச்சியின் அறிவியல் நகரிலே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பீடங்கள் இயங்குகின்றன. இந்நிலத்தின் மாணவர் தம் நிலத்திலேயே உயர்கல்வி பெறும் காலம் இது. நாட்டார் பாடல்களையும் வழிபாட்டு மரபுகளையும் ஊர் ஊராகச் சென்று பதிவு செய்வதைத் தமிழ்ச் சங்கங்கள் தம் கடமையாகக் கொண்டு வந்துள்ளன. அது போற்றத்தக்கது. மைதானத்திலே நாற்பது ஆண்டுகள் நின்று ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியரின் அறிவும் அத்தகைய மரபே என்பதை உணர்ந்தால், அவருடைய திண்ணையிலே அமர்ந்து அவர் சொல்வதை எழுதி வைப்பதற்கு மாணவர் முன்வருவர். பயிற்றுவிக்கும் கலை பெரும்பாலும் வாய்மொழியாகவே கையளிக்கப்படுவது. வாய்மொழி மரபு எதனையும் போல, கேட்பவர் இல்லாத இடத்திலே அதுவும் முடிந்துவிடும்.

ரஹீமை நினைக்கும்போது ஜகார்த்தாவின் தங்கப் பதக்கம் முதலில் நினைவுக்கு வருவது இயல்பு. ஆயின் அவரிடமிருந்து இன்றும் எடுத்துக்கொள்ளத்தக்கது அப்பதக்கமன்று. வலுக்குறைந்த காலுக்கும் ஒரு விளையாட்டை உண்டாக்கலாம் என்று கண்ட அறிவும், ஏழை இளைஞரின் மிதிவண்டி வாடகையும் பயிற்சியின் ஒரு பகுதியே என்று கருதிய உள்ளமுமே எடுத்துக்கொள்ளத்தக்கவை. அவை எந்த மைதானத்துக்கும் பொருந்துவன.

அடுத்த முதலாந் தவணையிலும் வன்னியின் மைதானங்களிலே சுண்ணாம்புக் கோடுகள் விழும். பிள்ளைகள் வருவர், அவர்களுக்குக் குறைவில்லை. விசிலோடு ஓர் ஆசிரியரும் நிற்பார். அவருக்கு அருகே இன்னொருவர் நின்றால், ஊரவரின் அந்தப் பழைய வசனம் ஒரு நாள் வேறாகும். “அந்தச் சேர் இருந்த காலத்தோடு சரி” என்று சொல்லாமல், “அந்தச் சேர் தொடக்கிவைத்தது” என்று அவர்கள் சொல்வர். ஒரு பயிற்றுநருக்கு அதனிலும் சிறந்த கிண்ணம் இல்லை.